பிரிட்ஜா, மிரர்லெஸ்ஸா, பழைய டிஎஸ்எல்ஆரா: பூஞ்சை எடுத்த முடிவு

போன டிசம்பரில் மழை ஓய்ந்ததும் பறவைகளைப் படமெடுக்கப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கிளம்பலாம் என்று பீரோவைத் திறந்து கேமராவை எடுத்தால், லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக ஏதோ கிளை பரப்பியிருக்கிறது. பூஞ்சை. இரண்டு மாதம் பையோடு துணிகளுக்கு நடுவே கிடந்தது, தப்பு என்னுடையதுதான். அது பிரிட்ஜ் கேமரா, அதாவது பெரிய ஜூம் உடம்போடு ஒட்டியே இருக்கும், கழற்ற முடியாது. முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்ய ரிப்பேர் கடையில் கேட்ட தொகைக்கு அதே மாடலைப் பழசாக இன்னொன்று வாங்கிவிடலாம். சரி, அடுத்தது என்ன என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

செல்போனை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். வீட்டு விசேஷம், பயணம் எல்லாவற்றுக்கும் அது போதும், நூறு அடி தள்ளி நாணலுக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழிக்குப் போதாது.

பிரிட்ஜையே மறுபடி வாங்கலாமா? தூரத்தை இழுப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நிக்கான் பி1000 போன்றவை சாதாரண ஃபிலிம் கேமராவில் 3000 மி.மீ. லென்ஸ் மாட்டியதற்குச் சமமாகத் தூரத்தை இழுக்கும், நிலாவின் பள்ளங்களை எண்ணலாம். ஆனால் இந்த வகையில் பெரும்பாலானவற்றின் சென்சார், அதாவது படத்தைப் பதியும் சில்லு, சுமார் 6.2க்கு 4.6 மி.மீ.தான். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இருக்கும், லென்ஸைக் கழற்றலாம்) பரவலாக உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் 23.5க்கு 15.6 மி.மீ., பரப்பில் ஏறக்குறைய 13 மடங்கு. பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ விடிந்தும் விடியாத நேரத்தில். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏற்றினால் சின்ன சென்சாரில் இறகெல்லாம் ஈரத்தில் கரைந்த சாயம் மாதிரி ஆகிவிடும்.

மிரர்லெஸ் வாங்கு என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அதாவது லென்ஸைக் கழற்றலாம், உள்ளே அந்தக் கண்ணாடி மட்டும் இருக்காது. நியாயம்தான். கேனானும் நிக்கானும் 2018இலேயே ஆர்எஃப், இசட் என்று புது மவுண்டுகளுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்) போய்விட்டன, புது லென்ஸ்கள் அங்கேதான் வருகின்றன. சத்தமில்லாமல் எடுக்கலாம், பல மாடல்கள் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். நண்பருடையதை ஒரே ஒரு வார இறுதிதான் வைத்திருந்தேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது முறையாகாது, ஆனால் பறக்கும் மீசை ஆலாவை அது விடாமல் பிடித்த வேகத்தைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இடித்தது விலை. பாடி கட்டுப்படியானாலும் அதற்கேற்ற நீள லென்ஸ் கட்டுப்படியாகவில்லை.

கடைசியில் வாங்கியது பழைய நிக்கான் டி7200, 2015இல் வந்த மாடல். அதன் ஷட்டர் 1,50,000 தடவை வரை சோதிக்கப்பட்டது, எனக்குக் கிடைத்ததில் 31,000தான் ஓடியிருந்தது. கூடவே ஏஎஃப்-எஸ் 70-300 விஆர் லென்ஸ். அதன் 300 மி.மீ. முனை இந்தச் சென்சாரில் 450 மி.மீ. லென்ஸுக்குச் சமம், பழைய பிரிட்ஜ் போன தூரத்தில் பாதிகூட இல்லை. முதல் வாரம் கூழைக்கடா தவிர மற்றதெல்லாம் புள்ளியாகத்தான் விழுந்தது. ஆனால் வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் இறகு தனித்தனியாக நிற்கிறது. பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் தனக்கென்று மோட்டார் இல்லாத, விலை மலிந்த பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் இதில் ஆட்டோஃபோகஸ் ஆகும். டி3500, டி5600 பார்ப்பவர்கள் கவனிக்கவும், அவற்றில் அந்த மோட்டார் கிடையாது.

இவ்வளவு சொன்னாலும் என்னை இந்தப் பக்கம் தள்ளியது பூஞ்சைதான். ஈரப்பதம் தொடர்ந்து 60 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே அது வளரத் தோது, சென்னையில் மழைக்காலத்தில் 80 என்பதெல்லாம் சாதாரணம். இருட்டும் அடைத்த காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். முற்றிவிட்டால் லென்ஸ் மேல் பூசிய கோட்டிங்கை அரித்துவிடும், அப்புறம் துடைத்தும் பயனில்லை. பிரிட்ஜில் லென்ஸ் போனால் கேமராவே போன மாதிரி. இதில் லென்ஸோடு நஷ்டம் நிற்கும். மிரர்லெஸ்ஸிலும் கழற்றலாமே என்றால், கழற்றலாம், போகிற லென்ஸின் விலைதான் வேறு. டி7200இன் எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருப்பது, பழைய லென்ஸ் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. அதோடு வெளியில் நின்று லென்ஸ் மாற்றும்போது டிஎஸ்எல்ஆரில் அந்தப் பிரதிபலிக்கும் கண்ணாடியும் ஷட்டரும் சென்சாரை மறைத்து நிற்கும், பல மிரர்லெஸ்களில் அது அப்படியே திறந்து கிடக்கும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்னாலிருந்து சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டாம். நூல் நூலாகக் கிளைத்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நான் இப்போது இறுக்கி மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வைக்கிறேன், முள் 45 பக்கம் நிற்கிறது. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவாகச் சூடு காட்டித் திரும்பப் போட வேண்டியதுதான். (வீட்டில் திட்டு விழும், தனி வாணலி வைத்துக்கொள்ளுங்கள்.)

விற்கும்போது இந்த பாடிக்குப் பெரிதாக ஒன்றும் தேறாது, அது தெரிந்தேதான் வாங்கினேன். 70-300ஐ மட்டும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு நிக்கானின் இசட் மிரர்லெஸ் கேமராவில் ஆட்டோஃபோகஸோடு மாட்டலாம், ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு அங்கே ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். வீடியோதான் முக்கியம் என்பவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு மிரர்லெஸ்ஸுக்கே போங்கள், டி7200இல் வீடியோ எடுக்கும்போது ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவதற்குள் மீன்கொத்தி மீனை விழுங்கிவிட்டுக் கிளம்பிவிடும்.