ஸ்டெரால், பீட்டா குளுக்கான், ஃபிளவனால்: இதயத்துக்கு எதை நம்பலாம்?

தாவரங்களில் இருக்கும் இயற்கைப் பொருள்கள் இதயத்துக்கு நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, அந்த அளவு சாப்பாட்டிலேயே கிடைக்குமா? இதைக் கேட்டால்தான் ஒப்பிடவே முடியும்.

எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பைக் குறைப்பதில் முன்னால் நிற்பது ஸ்டெரால். கொலஸ்ட்ராலைப் போன்ற அமைப்பு என்பதால் குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதை ரத்தத்துக்குள் போகவிடாமல் தடுக்கிறது. தினமும் 2 கிராம் எடுத்தால் எல்டிஎல் சுமார் 8 முதல் 10 சதவீதம் இறங்கும். ஆனால் எண்ணெய், கொட்டைகள், தானியங்கள் எல்லாம் சேர்ந்தாலும் வழக்கமான சாப்பாட்டில் அரை கிராம் தேறுவதே கஷ்டம். மீதிக்கு ஸ்டெரால் சேர்த்த மார்ஜரின், மாத்திரை என்றுதான் போகவேண்டும். அப்படிப் போனால் மாரடைப்பு குறையுமா என்பதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை.

என் ஓட்டு பீட்டா குளுக்கானுக்கு. ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் இந்த நார்ச்சத்து குடலில் கூழ்போல் ஆகி பித்த அமிலங்களைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், புதிதாகப் பித்தம் சுரக்க கல்லீரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும், அதனால் எல்டிஎல் குறையும். குறைவது 5 சதவீதம் அளவுக்குத்தான், சரி. ஆனால் தேவைப்படும் 3 கிராம் கிட்டத்தட்ட 75 கிராம் ஓட்ஸிலேயே கிடைத்துவிடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே ஓட்ஸ் பாக்கெட்டில் இதய நலன் பற்றி எழுத அனுமதி கொடுத்துவிட்டது.

கோகோ ஃபிளவனால் கொழுப்பின் பக்கம் போவதைவிட ரத்தக்குழாயைத் தளர்த்துவதில்தான் கெட்டி. 2022இல் வெளியான காஸ்மாஸ் ஆய்வில், 21,000க்கும் மேற்பட்ட வயதானவர்களில் பாதிப் பேருக்கு தினமும் 500 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். இதயநோயால் இறப்பது 27 சதவீதம் குறைந்தது, ஆனால் ஆய்வின் முக்கியக் கேள்வியான மொத்த இதயநோய் நிகழ்வுகளில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து சாக்லேட்டுக்கு நியாயம் தேடாதீர்கள். கொடுத்தது கோகோ சாறு, காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கோகோவில் ஃபிளவனால் பெருமளவு அழிந்துவிடும்.

ரத்த அழுத்தம்தான் பிரச்சினை என்றால் பீட்ரூட், கீரைகளில் உள்ள நைட்ரேட்டைப் பார்க்கலாம். அது பலன் தர முதலில் நைட்ரைட்டாக மாறவேண்டும், மாற்றுவது வாயிலிருக்கும் பாக்டீரியா. கிருமிநாசினி மவுத்வாஷால் கொப்பளித்தால் பலன் குறைந்துபோகும்.

சிவப்பு ஒயினின் ரெஸ்வெரட்ரால்? விடுங்கள். ஆய்வுகளில் கொடுக்கும் அளவைக் குடித்து எட்டுவதற்குள் கல்லீரல் போய்விடும்.

அப்புறம், சிம்வாஸ்டாட்டின், அட்டார்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) பக்கம் போகும் முன் டாக்டரிடம் கேளுங்கள். அதிலிருக்கும் இயற்கைப் பொருள், மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை முடக்கிவிடும். ரத்தத்தில் மருந்தளவு ஏறி தசைகள் பாதிக்கப்படலாம்.