பெங்களூர்ல இருந்து வடகர்நாடகா: குடும்பத்தோட போறவங்களுக்கு

வெளிநாட்ல இருந்து பெங்களூர் வர்ற நம்ம ஆளுங்க பசங்களோட மைசூரு, கூர்க்னு கிளம்பிடறாங்க, வடகர்நாடகா பக்கம் யாரும் போறதில்ல. நாங்க இந்த தடவை போனோம். நான் சொல்றது ஒண்ணுதான், அந்தப் பக்கம் போனா எங்க சாப்பிடறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு மத்ததை அப்புறம் பிளான் பண்ணுங்க.

அல்சூர்ல அக்கா வீட்ல தங்கித்தான் எல்லாம் புக் பண்ணினோம். முதல்ல பேசின டிராவல்ஸ்காரர் ஹம்பி முழுக்க ஒரே நாள், மறுநாள் பழைய சாளுக்கியக் கோயில் ஊருங்க பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே மூணும்னு போட்டுக் குடுத்தார், சாப்பாடு எல்லா வேளையும் ஹைவே ஓரத்து நார்த் இண்டியன் ரெஸ்டாரண்ட். அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னா "எல்லாரும் இப்படித்தான் மேடம் போறாங்க"ங்கறார். "விடுடி, நாமளே பாத்துக்கலாம்"னு அக்கா சொல்லிட்டா. ஹம்பி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல ஹம்பி பக்கத்து ஊரான ஹொசபேட்டை, அங்க லோக்கல் டிரைவர் ஒருத்தரைப் பிடிச்சோம், அவர் பேசின கன்னடம் அக்காவுக்கே பாதிதான் புரிஞ்சுது, ஆனா எந்த ஊர்ல எந்தக் கானாவளி, அதான் வீட்டுச் சாப்பாடு போடற மெஸ், நல்லா இருக்கும்னு அவருக்கு அத்துப்படி.

ஹம்பில விட்டல கோயில் டிக்கெட் நம்மவங்களுக்கு 40 ரூபா, வெளிநாட்டுக்காரங்களுக்கு 600. ஓசிஐ, அதான் வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கின நம்ம வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு, இருந்தா நம்ம ரேட்தான், அதனால கார்டை ஹோட்டல்ல வெச்சுட்டு போகாதீங்க. 15 வயசுக்குள்ள பசங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பார்க்கிங்ல இருந்து கோயில் வரைக்கும் பேட்டரி வண்டி ஓடுது, ஓட்டறது அந்த ஊர்ப் பொண்ணுங்க, அம்மாவைக் கையப் பிடிச்சு ஏத்தி இறக்கி விட்டாங்க.

சாப்பாட்டுக்கு வர்றேன். பாதாமில ஒரு சின்ன கானாவளி, சிவனைக் கும்பிடற லிங்காயத் சமூகத்துக்காரங்க நடத்தறது, சுத்த சைவம். உள்ள ஒரு அம்மா சோள மாவை உருட்டி ரெண்டு கையாலயும் தட்டறாங்க, தட்டத் தட்ட ரொட்டி தானா சுத்திக்கிட்டே பெருசாகுது, கல்லுல போட்டதும் மேல ஈரத்துணியால ஒரு தடவு, திருப்பிப் போட்டு கடைசியா நெருப்புல காட்டினா பூரி மாதிரி உப்புது. பக்கத்துல எண்ணெகாயி, அதான் குட்டிக் கத்திரிக்காய்ல வேர்க்கடலை, எள்ளு மசாலா அடைச்சது, அப்புறம் ஷேங்கா, அதான் வேர்க்கடலை, சட்னிப் பொடி, அதுமேல கெட்டித் தயிர். காரம் ஆவாதேன்னு அக்கா பயந்தா, என் சின்னது தயிரைப் பிசைஞ்சு ரெண்டு ரொட்டி சாப்பிட்டுட்டு இன்னொண்ணு கேக்குது. மெல்பர்ன்ல இட்லிக்கே மூஞ்சி சுளிக்கற பிள்ளை.

பாதாமிதான் பழைய வாதாபி. சாளுக்கியங்க தலைநகரம், 642ல காஞ்சி ராஜா நரசிம்மவர்ம பல்லவன் பிடிச்ச ஊர், அவன் கல்வெட்டு அங்க பாறையில இன்னும் இருக்கு. மொத்தம் நாலு குகை, அம்மாவால முதல் குகை வரைக்கும்தான் ஏற முடிஞ்சுது, ஆனா பதினெட்டு கை நடராஜர் அங்கயேதான் இருக்கார், நாங்க மேல போயிட்டு வர்ற வரைக்கும் அவர் முன்னாடியே உக்காந்திருந்தாங்க. பட்டடக்கல்ல நேர் எதிர்க்கதை. பின்னால வந்த சாளுக்கிய ராஜா ரெண்டாம் விக்ரமாதித்தன் பல்லவங்களோட காஞ்சியை ஜெயிச்சான், ஜெயிச்சும் கைலாசநாதர் கோயில் சொத்தை எடுக்காம திருப்பிக் குடுத்ததா அந்தக் கோயில்லயே கன்னடத்துல கல்வெட்டு வெச்சிருக்கான், அந்த வெற்றிக்காக அவன் ராணி லோகமகாதேவி கட்டினதுதான் பட்டடக்கல் விருபாட்சர் கோயில். காஞ்சிபுரம் பாத்தவங்களுக்கு அந்த விமானம் உடனே பிடிபடும். இதை பசங்களுக்கு நின்னு சொல்ல நேரம் வேணும், அதுக்குத்தான் மூணு ஊரை ஒரே நாள்ல திணிக்காதீங்கன்னு சொல்றேன்.

நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போங்க, வெயில்ல அந்தப் பாறையில நிக்கவே முடியாது. ஐஹொளே போறப்ப அமீன்கட் பக்கம் ஒரு எட்டு வண்டியைத் திருப்பச் சொல்லுங்க, கரதண்டு அங்க பேர்போனது, பிசினைப் பொரிச்சு வெல்லம், உலர்பழம், பருப்பெல்லாம் சேத்து பண்றது. கடக் ரொட்டியும் கட்டு கட்டா விக்கறாங்க, அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கும், சீக்கிரம் கெடாது, திரும்பி வர்ற ரயில்ல ராத்திரி சாப்பாடு எங்களுக்கு அதுவும் சட்னிப் பொடியும்தான்.