14 மாதம் சூப்பர்பெட்டர் விளையாடியதில் எனக்குக் கிடைத்தது

மனதைத் தெம்பாக்கும் விளையாட்டான சூப்பர்பெட்டர் செயலியைப் போனில் ஏற்றி 14 மாதம் ஆகிறது. நான் பாளையங்கோட்டைக்காரி. தாமிரபரணித் தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு, நாலாவது வருடம். குறுக்குத்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் தண்ணீர் எடுத்துவந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து போட்ட, பாக்டீரியா வளர்க்கும் பிளேட்டெல்லாம் மறுநாள் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். அவற்றை வைக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவில் கை வைக்கும்போதே வயிற்றைப் பிசையும். வீட்டுக்கு வந்தால், ‘படிப்பு எப்போ முடியும், கல்யாணம் எப்போ?’ கூடப் படிக்கும் பையன்களிடம் இதை யாரும் கேட்பதில்லை.

ஜேன் மெக்கோனிகல் என்ற விளையாட்டு வடிவமைப்பாளருக்கு 2009-ல் தலையில் அடிபட்டது. சரியாகாமல் தவித்தபோது தனக்காக அவர் உருவாக்கிக்கொண்ட ஆட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் சூப்பர்பெட்டர். நம்மைப் படுத்துகிற விஷயத்துக்கு ‘வில்லன்’ என்று பெயர் வைக்க வேண்டும். சட்டென்று தெம்பு தரும் சின்னக் காரியம் ‘பவர்-அப்’. அன்றைக்கு முடிக்கிற சிறு வேலை ‘குவெஸ்ட்’. துணைக்கு நிற்பவர் கூட்டாளி.

முதல் மாதம் புள்ளி சேர்ப்பதிலேயே குறியாக இருந்தேன். அப்புறம் சலித்துப்போய் மூன்று வாரம் திறக்கவே இல்லை. என்னைத் திரும்ப இழுத்து வந்தது ‘ராத்திரி ரெண்டு மணி’ என்று நான் பெயர் வைத்த வில்லன். அந்த நேரத்தில் விழிப்பு வரும். ‘உனக்குப் பட்டம் கிடைக்காது’ என்று மனம் சொல்லும். பெயர் வைத்த பிறகு, வழக்கமாக வருகிற ஆள் வந்திருக்கிறான் என்று தோன்றியது. அவன் சொல்வதை நம்புவது குறைந்தது. அவன் வந்த நாட்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டை விட்ட நாட்கள்! சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்த நாட்கள். அதிலிருந்து ஒரு மணிக்குச் சாப்பிடுவதே என் முதல் குவெஸ்ட்.

கூட்டாளியாக ஆச்சியைச் சேர்த்தேன். அவளிடம் போன் இல்லை, அதனால் என்ன. “ஏட்டி, இன்னைக்கு எத்தன வில்லன அடிச்ச?” என்று தினமும் கேட்பாள். அவளோடு ஒரு ஆட்டம் பல்லாங்குழி ஆடுவதுதான் என்னுடைய சிறந்த பவர்-அப்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் மனச்சோர்வு அறிகுறி இருந்த 283 பேரிடம் இந்தச் செயலியைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். ஒரு மாதத்தில், விளையாடாதவர்களைவிட விளையாடியவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. பாதியில் விட்டவர்களும் அதில் நிறைய. என் மூன்று வாரத்தை நினைத்தால் எனக்கு அது ஆச்சரியமில்லை.

இடையில், கேமராமேல் விரலை வைத்து நாடி பார்க்கும் ஒரு மூச்சு விளையாட்டையும் முயன்றேன். நிமிடத்துக்கு 6 மூச்சு என்று மெதுவாக விடுவது நிஜமாகவே படபடப்பை அடக்குகிறது. ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்த விரலில் அளவு தாறுமாறாக ஏறி இறங்கி, இருந்த நிம்மதியும் போனது. அதை நீக்கிவிட்டேன். மூச்சை மட்டும் பஸ்ஸில் தொடர்கிறேன்.

இரவு எட்டுக்கு மேல் ஆய்வகத்தில் வேலை இருந்தால் திரும்ப பஸ் கிடையாது. அதையும் வில்லன் பட்டியலில் போட்டிருந்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அது என் மனதில் சரிசெய்ய வேண்டிய விஷயமே அல்ல. நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து மனு எழுதினோம். இப்போது நேரமாகும் நாட்களில் வண்டி வருகிறது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் விளையாட்டோடு நிற்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அந்த அளவுக்குப் போகாத அன்றாடப் பதற்றத்துக்கு சூப்பர்பெட்டரைத் தாராளமாகச் சொல்வேன். புள்ளிகளை நான் இப்போது பார்ப்பதில்லை. வில்லன் குறிப்பை மட்டும், திரும்பி வந்ததிலிருந்து ஒரு நாள்கூட விடவில்லை.