பூந்திக்கொட்டையா, சீயக்காயா, சோப்பா? வீட்டு ஷாம்பூவுக்கு எது நல்லது?

வீட்டிலேயே ஷாம்பூ செய்யலாம் என்று தேடினால் பெரும்பாலும் நான்கு வழிகள் வந்து நிற்கும்: பூந்திக்கொட்டைச் சாறு, சீயக்காய், காஸ்டில் எனப்படும் தாவர எண்ணெய்த் திரவ சோப்பு, அப்புறம் சமையல் சோடாவும் வினிகரும். நான்குக்குமே 'இயற்கை' என்ற பட்டம் உண்டு. ஆனால் தலையில் அவை செய்யும் வேலை வேறு வேறு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் சேர்த்துக் காய்ச்சி வடித்த சாறுதான் ஏற்றது. சோப்புக்கு இரண்டாம் இடம், அதுவும் தண்ணீர் நன்றாக இருந்தால். சமையல் சோடா வேண்டவே வேண்டாம்.

புளிப்பா காரமா என்பதைச் சொல்லும் அளவுதான் பி.எச். 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். உச்சந்தலைத் தோலின் பி.எச். ஏறத்தாழ 5.5. முடித்தண்டு அதைவிடப் புளிப்பானது, 4-க்கும் கீழே. முடியின் மேல்புறத்தில் ஓடு வேய்ந்ததுபோல் நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கும். காரம் பட்டால் முடி உப்பி அந்தச் செதில்கள் மேலெழும். முடிகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கு விழும். புளிப்பு பட்டால் செதில்கள் படியும். பூந்திக்கொட்டைச் சாறும் சீயக்காய்ச் சாறும் லேசான புளிப்புப் பக்கம் நிற்பவை. சமையல் சோடாக் கரைசல் 8-ஐத் தாண்டும். சோப்போ 9 முதல் 10 வரை போகும். பாதிப் போட்டி இங்கேயே முடிந்துவிடுகிறது.

சமையல் சோடாவைப் பரிந்துரைப்பவர்கள் 'பிறகு வினிகர் ஊற்றினால் சரியாகிவிடும்' என்பார்கள். வினிகர் காரத்தை முறிக்கும், உண்மைதான். ஆனால் அதற்குள் செதில்கள் எழும்பி, முடி உரசித் தேய்ந்திருக்கும். இரண்டையும் முன்கூட்டியே ஒரே பாட்டிலில் கலப்பது இன்னும் வீண். பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது அழுக்கை எடுக்கத் திராணியில்லாத உப்புத் தண்ணீர்தான். முதல் சில முறை முடி பளிச்சென்று இருப்பதை நம்பித் தொடர்ந்தவர்களுக்கு, நாளாக ஆக நுனி உடைய ஆரம்பிக்கும்.

சோப்பின் கதை வேறு. அது நன்றாகவே அழுக்கெடுக்கும். சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். வாளியின் உட்புறம் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதுதான். அதே படிவு முடியிலும் ஒட்டும். அலசி முடித்த பிறகும் மெழுகு தடவியதுபோல் தலை பிசுபிசுத்தால் காரணம் அதுவே. இன்னொரு கை சோப்பு போட்டால் படிவு கூடத்தான் செய்யும். ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசியாக அலசினால் ஓரளவு குறையும். ஆனால் வினிகரைச் சோப்பு பாட்டிலுக்குள்ளேயே ஊற்றிவிடாதீர்கள். சோப்பு திரிந்து, எண்ணெய்க் கொழுப்பு தனியே பிரிந்து மிதக்கும்.

இனி பூந்திக்கொட்டையும் சீயக்காயும். இரண்டிலும் வேலை செய்வது சபோனின் என்ற இயற்கை அழுக்குநீக்கி. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரோடு போகும். கடின நீரிலும் சோப்பைப்போல் படிவு விடாது. இதுதான் இவற்றின் பெரிய பலம் என்பேன்.

இரண்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பூந்திக்கொட்டை நுரை தரும், அழுக்கை வேகமாக எடுக்கும், முடியைச் சற்று வறட்டும். சீயக்காயில் நுரை குறைவு, ஆனால் முடியை மெத்தென்று விடும். அதனால் எண்ணெய் வழியும் தலைக்குப் பூந்திக்கொட்டையைக் கூட்டுங்கள், வறண்ட முடிக்குச் சீயக்காயைக் கூட்டுங்கள். எண்ணெய் நிறைய வைத்த தலை என்றால் அரப்பும் நல்ல கூட்டாளி. நுரை அவ்வளவாக வராது, ஆனால் எண்ணெயை நன்றாக இழுத்துவிடும்.

சீயக்காயைப் பொடியாகத் தேய்ப்பதைவிடச் சாறாக எடுப்பதையே நான் விரும்புகிறேன். பொடியின் துகள் முடிக்குள் சிக்கி, காய்ந்தபின் சீப்பில் உதிரும். சலிக்கும்போதே தும்மல் வரும். விதை நீக்கிய பத்துப் பூந்திக்கொட்டைத் தோல், ஐந்தாறு சீயக்காய், அரை லிட்டர் தண்ணீர். இரவு ஊறவிட்டுக் காலையில் கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். சுருங்கிக் கிடந்த தோல் உப்பி, தேன் நிறத்தில் வழுவழுப்பாகிவிடும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்தால் விரலிடுக்கில் நுரை ததும்பும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

இந்தச் சாற்றின் பலவீனம், அது தண்ணீர் போல ஓடுவது. நெற்றி வழியே கண்ணில் இறங்கினால் எரிச்சல் கடுமையாக இருக்கும். சபோனின் கண்ணுக்கு ஆகவே ஆகாது. ஒரு கரண்டி வெந்தயத்தை ஊறவைத்து அரைத்து, அதன் கொழகொழப்பை மட்டும் வடித்துச் சேர்த்தால் சாறு கெட்டியாகித் தலையில் நிற்கும், சிக்கும் எளிதில் பிரியும். செம்பருத்தி இலைக் கொழகொழப்பும் அப்படித்தான். ஆனால் இவற்றின் முதன்மை வேலை மென்மையாக்குவது. எண்ணெய்த் தலையை வெந்தயம் மட்டும் வைத்துக் கழுவ முடியாது.

கெட்டுப்போகும் விஷயத்தில் மட்டும் சோப்பு தெளிவாக ஜெயிக்கிறது. தண்ணீர் கலக்காத கெட்டித் திரவ சோப்பு அதன் காரத்தன்மையால் நெடுநாள் தாங்கும். காய்ச்சிய சாறு வெளியில் வைத்தால் ஓரிரு நாளில் புளித்து வாடை வரும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள். வைட்டமின் ஈ எண்ணெய் விட்டால் மாதக்கணக்கில் இருக்கும் என்று எழுதுகிறார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்தும், கிருமியைத் தடுக்காது. சோப்பிலும் தேங்காய்ப்பால், கற்றாழை, தேன் என்று கலந்துவிட்டால் அந்தச் சாதகம் போய்விடும். அடிக்கடி காய்ச்ச நேரமில்லாதவர்கள் சாற்றைப் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்து, தேவைக்கு இரண்டு மூன்று கட்டிகளை எடுத்து உருக்கிக்கொள்ளலாம்.

சாயம் போட்ட முடிக்காரர்கள் சோப்பையும் சோடாவையும் அறவே தவிர்க்க வேண்டும். செதில் எழும்பினால் சாயமும் வேகமாகக் கரைந்து போகும். சீயக்காய் மிகுந்த சாற்றைக்கூட முதலில் உள்பக்கத்து ஒரு கொத்து முடியில் தடவிப் பாருங்கள், ஏனென்றால் வெளிர் நிறச் சாயத்தில் அது பழுப்பு ஏற்றக்கூடும். தோல் நோய்க்கு மருந்து பூசி வருபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் சிறிது தடவி ஒரு நாள் பார்த்த பிறகே தலையில் ஊற்றவும்.