எக்ஸாஸ்ட் பிரேக், ஜேக் பிரேக், ரிடார்டர்: டீசல் மோட்டார்ஹோமுக்கு எது போதும்?

அமெரிக்காவில் பழைய டீசல் மோட்டார்ஹோம், அதாவது வீடு போல வசதி செய்த பெரிய வண்டி, வாங்கக் கிளம்புகிறவர்களை ஒரு கேள்வி விடாமல் துரத்தும்: "வண்டியில் ஜேக் இருக்கிறதா, வெறும் எக்ஸாஸ்ட் பிரேக்தானா?" ஜேக், எக்ஸாஸ்ட் பிரேக், ரிடார்டர் மூன்றுமே நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்குக்குத் துணையாக வண்டியைப் பிடிக்கும் கருவிகள். அந்த "வெறும்" என்ற சொல்லில்தான் எனக்குச் சம்மதமில்லை. இறக்கத்தில் வண்டியை எது பிடிக்கிறது என்பதைவிட, எந்த வேகத்தில் இறங்க ஆரம்பித்தோம் என்பதுதான் பெரிய விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு. 15 டன் வண்டி 6 சதவீத இறக்கத்தில் மணிக்கு 50 மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு அதைக் கீழே தள்ளும் சக்தி ஏறத்தாழ 260 குதிரைத்திறன். அதே சரிவில் 35 மைலில் போனால் 180தான். காற்றும் டயரும் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சத்தை யாராவது வெப்பமாக மாற்றித் தள்ள வேண்டும். அந்த வேலையைக் கால் பிரேக்கிடம் மட்டும் விட்டால் பிரேக் டிரம் சூடேறி, பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையிலிருந்து சில்வர்தார்ன் பக்கம் இறங்கும் ஐ-70 சாலை 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க அங்கே தனி மணல்பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக்கின் வேலை எளிது. டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) அடுத்து, புகைக்குழாயில் ஒரு தட்டு வால்வு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத காற்றை பிஸ்டன்கள் முக்கி முக்கித் தள்ள வேண்டியிருப்பதால் எஞ்சின் வேகம் இறங்கும். அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் இது பிடிக்கும். 1,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) கீழே பெயருக்குத்தான். "என் எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்றுமே செய்வதில்லை" என்று புலம்புகிறவர்களில் பலர் ஆறாவது கியரில் 1,400 ஆர்பிஎம்மில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. பிரேக் சுவிட்சைப் போட்டதும் அது கீழ் கியரை, பொதுவாக நான்கையோ இரண்டையோ, குறிவைத்து இறங்கத் தொடங்கும். ஆனால் எஞ்சின் மிகையாகச் சுற்றும் அபாயம் இருந்தால் இறங்காது. வேகம் ஏறிவிட்டால் எஞ்சினைக் காப்பாற்ற மேல் கியருக்கே தாவிவிடும், அதோடு பிடிமானமும் போய்விடும். அதனால்தான் சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். இன்னொன்று, எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்பில், அதாவது நழுவாமல் பூட்டிய நிலையில், இருந்தால்தான் எந்த எஞ்சின் பிரேக்கும் வேலை செய்யும். வேகம் குறைந்து லாக்கப் விடுபட்ட நொடியில் வண்டி லேசாக முன்னால் பாய்வது போலிருக்கும். பழகாதவர்கள் பயந்துபோவார்கள், அது கோளாறு அல்ல.

உண்மையான கோளாறு என்றால் பத்துக்கு எட்டு அந்தத் தட்டு வால்வில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. வருடத்தில் பாதி நாள் நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் கரியும் துருவும் சேர்ந்து வால்வின் தண்டை இறுக்கிவிடும். டீசல் புஷர்களில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. படுக்கையறை மெத்தையைத் தூக்கி, அடியிலுள்ள பலகையைக் கழற்றினால் பல வண்டிகளில் டர்போவின் தலை தெரியும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு வால்வைத் திருப்பும் கையை (நெம்புகோலை) பிடித்து அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போய் வர வேண்டும். இறுகியிருந்தால் துரு இளக்கும் திரவத்தை ஊற்றி, மெதுவாக ஆட்டி ஆட்டி விடுவிக்கலாம். அப்புறம் உயர்வெப்பம் தாங்கும் பிரத்யேக எண்ணெய்தான் விட வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயிலை விட்டால் அது கருகி, அடுத்த முறை முன்பைவிட மோசமாக இறுகும்.

திறந்தபடி இறுகினால் பிரேக் இல்லை, அவ்வளவுதான். மூடியபடி இறுகினால் கதை வேறு: வண்டி இழுக்காது, கரும்புகை வரும், புகைக்குழாய் வெப்பம் எகிறும். அப்படியே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

கை தாராளமாக அசைகிறது, ஆனாலும் பிரேக் இல்லை என்றால் ஃப்யூஸ், சோலினாய்டு (மின்சாரத்தால் காற்றைத் திறந்துவிடும் வால்வு), காற்றுக்குழாய் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல எலக்ட்ரானிக் எஞ்சின்களில் வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஐடிலில் ஓடும்போது கம்ப்யூட்டர் பிரேக்குக்கு மின்சாரமே கொடுக்காது. வால்வின் கையை நகர்த்தும் காற்றுச் சிலிண்டருக்கு நேரடியாகக் காற்று கொடுத்துப் பாருங்கள். கை அசைந்தால் வால்வு நல்லது, கோளாறு வயரிங் பக்கம். எல்லாம் சரி, பிடிப்பு மட்டும் குறைவு என்றால் வால்வுக்கு முன்னால் எங்காவது புகை கசியும். கிளாம்ப், கேஸ்கெட், மேனிஃபோல்டு விரிசல் இவற்றைச் சுற்றிக் கரித்தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய 12 வால்வு கம்மின்ஸ் 5.9 எஞ்சின் என்றால், பிடிப்பைக் கூட்டுகிறேன் என்று புகையழுத்தத்தை ஏற்றும் முன் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த அழுத்தமே வால்வுகளைத் திறந்துவிடும்.

2007க்குப் பிந்தைய கம்மின்ஸ் ஐஎஸ்பி 6.7 எஞ்சினில் தனித் தட்டே இல்லை. உள் வளையத்தை நகர்த்தி வழியைக் குறுக்கும் டர்போவே பிரேக் வேலையையும் பார்க்கிறது. பிடிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் கெட்டால் செலவு டர்போ கணக்கில் வரும். வளையத்தில் கரி படிந்து இறுகாமல் இருக்க, சமதரையிலும் பிரேக்கைப் போட்டு ஓட்டுவது நல்லது.

ஜேக் பிரேக்கின் பிறப்புக்கே ஒரு மலை இறக்கம்தான் காரணம். 1931இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில், கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் தன் டீசல் லாரியை இறக்கும்போது பிரேக் கைவிட்டுவிட்டது. கீழே ரயில்பாதையில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார். அவர் பின்னாளில் வடிவமைத்த கருவியை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது புகைக்குழாயை அடைப்பதில்லை. பிஸ்டன் காற்றை முழுதாக அழுத்தி முடிக்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து, அந்தக் காற்றை வீணாக வெளியே விட்டுவிடும். அழுத்தச் செலவான சக்தி திரும்பக் கிடைக்காது. எக்ஸாஸ்ட் பிரேக்கைவிடப் பிடிப்பு தெளிவாக அதிகம். லோ, ஹை என்று படிகளும் உண்டு. 8.9 லிட்டர் கம்மின்ஸ் ஐஎஸ்எல் எஞ்சின் பொருத்திய பல வண்டிகளில் இது இருக்கும். இதற்கும் ஆர்பிஎம் வேண்டும், அதில் மட்டும் சலுகை இல்லை. பழுது என்றால் வால்வு கவரைக் கழற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை. ஊர் எல்லையில் எஞ்சின் பிரேக் தடை என்று பலகை வைத்திருப்பது இதன் சத்தத்துக்காகத்தான். எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

ரிடார்டர் கியர்பெட்டியின் பின்பகுதியில் உட்காரும். எண்ணெயைக் கடைந்து சக்கரத்தின் வேகத்தைக் குறைக்கும். எஞ்சின் ஆர்பிஎம்மைச் சாராததால் ஓட்ட மிக இதம், சத்தமும் கிடையாது. ஆனால் வெப்பம் முழுக்கக் கியர்பெட்டி எண்ணெயில் இறங்கி ரேடியேட்டருக்குப் போகிறது. நீண்ட இறக்கத்தில் சூடு ஏறினால் ரிடார்டர் தானே பிடியைத் தளர்த்திக்கொள்ளும். அப்போதும் கியரைக் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட்டால்தான் தண்ணீர் பம்பும் விசிறியும் ஈடுகொடுக்கும். ரிடார்டரை வாங்கினாலும் கியர் பாடம் படிக்காமல் தப்ப முடியாது என்று அர்த்தம்.

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று: பிடிப்பு பின் சக்கரங்களில் மட்டும்தான். மழையிலும் பனியிலும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பின்னால் கார் கட்டி இழுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சில வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் போட்டாலே பிரேக் விளக்கு எரியும். காரிலுள்ள துணை பிரேக் அந்த விளக்கின் மின்சாரத்தைப் பார்த்து வேலை செய்யும் வகை என்றால், இறக்கம் முழுக்கக் காரின் பிரேக் அழுந்தியபடியே கிடந்து கருகும்.

என் தேர்வு இது. 15 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் போதும், அதற்காகக் கூடுதலாகப் பல ஆயிரம் டாலர் கொடுத்து ஜேக் வண்டியைத் தேட வேண்டாம். 18 டன்னைத் தாண்டி, ராக்கி மலைப் பக்கம் அடிக்கடி போவீர்கள் என்றால் ஜேக். ரிடார்டர் உள்ள வண்டி நல்ல நிலையில் தானாக அமைந்தால் விடாதீர்கள், தேடி அலையவும் வேண்டாம். எது இருந்தாலும் மிச்சத்தைக் கால் பிரேக்தான் பார்க்க வேண்டும். இறக்கத்துக்கு நீங்கள் வைத்த வேக எல்லை 40 மைல் என்றால் 40 வந்ததும் அழுத்தமாக மிதித்து 35க்கு இறக்கி, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே இருப்பதுதான் டிரம்மைக் காய்ச்சும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. எஞ்சின் சூடான பிறகு, பின்னால் வண்டி எதுவும் இல்லாத சாலையில் 50 மைலில் போகும்போது சுவிட்சைப் போட்டுக் காலை எடுங்கள். கியர் இறங்கி, ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் முள் ஏறி, இருக்கையிலிருந்து உடம்பு லேசாக முன்னால் சாய வேண்டும். ஒன்றும் நடக்காமல், விற்பவர் "சும்மா கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்றால், எண்ணெய் விட்டுச் சரியாக்கிவிட்டே கூப்பிடச் சொல்லுங்கள்.