வாசலுக்கு வரும் மாத்திரை: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ – பயனாளி வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க மாதந்தோறும் பேருந்து ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றுவந்த என் அம்மாவுக்கு, இப்போது அதே மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட, தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகின்றன.

எங்கள் தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். அழுத்தம் பார்க்கிறார், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார், அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகளைத் தருகிறார். போன முறை தந்தவை தீர்ந்தனவா என்று பழைய அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கடைசி வேலையைத்தான். தலைசுற்றல் இல்லையென்றால் மாத்திரை எதற்கு என்று வாரக்கணக்கில் நிறுத்திவிடும் பழக்கமுள்ள அம்மா, மருத்துவரிடம் மறைத்ததை இவரிடம் மறைக்க முடிவதில்லை. படுக்கையில் இருப்போருக்கான இயன்முறை சிகிச்சை, வலி நிவாரண ஆதரவு சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்து வயிற்றுவழி டயாலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு) செய்துகொள்வோருக்கான திரவப் பைகள் ஆகியவையும் இத்திட்டத்தில் உண்டு. எங்களுக்குத் தேவைப்படாததால் அவற்றைப் பற்றி நான் சொல்வதற்கில்லை.

மாத்திரை கைக்கு வருவது ஒன்று, நோய் கட்டுக்குள் வருவது வேறொன்று. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அந்த ஆய்வின் அடுத்த சுற்றில் அவை முறையே 17, 16.7 விழுக்காடாக உயர்ந்தன. முன்னேற்றம்தான், ஆனால் நூறில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இன்னும் கட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நல்ல சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களில், சிகிச்சையே பெறாமல் இறப்பவர்களைவிட, பெற்றும் அதன் தரக்குறைவால் இறப்பவர்களே அதிகம் என்றும், அப்படித் தரக்குறைவால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேர் என்றும் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2018இல் கணக்கிட்டது. இத்திட்டத்தைப் பற்றிய அறிவிப்புகளில் பயனாளிகளின் எண்ணிக்கையே முன்னால் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. 2024இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதற்காக, நோய் கட்டுக்குள் வருகிறதா என்ற கேள்வியை விட்டுவிட முடியாது.

விரல் நுனிச் சோதனை அந்த நொடியின் சர்க்கரையைத்தான் காட்டும். கடந்த மூன்று மாதங்களின் நிலையை அறிய ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும். விழித்திரை, சிறுநீரகம், பாத நரம்பு ஆகியவற்றின் சோதனைகளை வாசலில் செய்து முடிக்க இயலாது. அளவு ஏறியிருந்தால் மருந்தை மாற்ற வேண்டியவர் மருத்துவர். தன்னார்வலரால் அவரிடம் போகச் சொல்லத்தான் முடியும். வீட்டுக்கே மாத்திரை வந்துவிடுவதால், மருத்துவரைப் பார்க்கப் போகும் வழக்கம் தேய்ந்துபோகும் ஆபத்தும் இதில் இருக்கிறது. கைக்கு வரும் வசதியே அந்தப் பயணத்தைத் தேவையற்றதாகத் தோன்றச் செய்துவிடுகிறது.

ஆகவே, வீட்டில் முதியவர் இருந்தால் தயங்காமல் பதிவு செய்யலாம். அம்மாவின் அளவுகளை நாங்கள் ஒரு நோட்டில் தேதியுடன் குறித்துவைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்துக்கொண்டு அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிறோம். அந்தப் பேருந்துப் பயணத்தை மட்டும் நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை.