ஐவியை ஒழிக்க வாங்கிய ‘ஸ்டம்ப் கில்லர்’: 5-க்கு 3

லண்டன் ஹாரோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வேலி முழுக்க ஐவி, அதாவது வேலியிலும் சுவரிலும் ஒட்டி ஏறும் கொடி. பலகை என்ன நிறம் என்றே தெரியாது. அந்த ஓரத்தில் வெந்தயமும் கொத்தமல்லியும் போட ஆசை என்பதால், தெளிக்கிற மருந்து வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வாங்கியது ‘ஸ்டம்ப் கில்லர்’, அதாவது வெட்டிய அடிக்கட்டையில் மட்டும் விடும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்து. பிராண்ட் முக்கியமில்லை, லேபிளில் கிளைபோசேட் என்றும் அடிக்கட்டைக்கு உரியது என்றும் இருக்கிறதா பாருங்கள்.

உண்மையைச் சொன்னால், முக்கால்வாசி ஐவி போனது மருந்தால் இல்லை, கையால்தான். மழை பெய்து மண் இளகியதும் மண் கிளறும் பெரிய முள்கரண்டியைக் (கார்டன் ஃபோர்க்) குத்தி நெம்பினால் வேர் நீளநீளமாக வந்துவிடுகிறது. தரையில் படரும் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமனார், வயலில் கோரை பிடுங்கிப் பழகியவர், “துண்டு விட்டா திரும்பி வந்துரும்மா” என்று மண்ணைக் கிளறிக் கிளறிப் பொறுக்கினார்.

மருந்துக்கு வேலை வந்தது ஒரே இடத்தில். வேலியின் கான்கிரீட் தூணுக்கும் கராஜ் சுவருக்கும் நடுவே மணிக்கட்டு தடிமனில் ஒரு தண்டு. எந்தக் கருவியும் நுழையாது. அக்டோபரில் அறுத்தோம். வசந்தத்தில் சாறு மேலேறும்போது மருந்து சரியாக உள்ளே இறங்காது. தவிர, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஐவிக்குள் பறவைகள் கூடு கட்டும். குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981-ஆம் வருடச் சட்டப்படி இங்கே குற்றம். அறுத்த ஈரம் காயும் முன்பே, பட்டையை ஒட்டிய ஓரத்தில் சுற்றிலும் துளை போட்டு மருந்தை விட்டு, பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினோம். உயிருள்ள பகுதி அந்த ஓரம்தான், நடுவில் விட்டால் வீண். அடுத்த கோடையிலும் ஒரு துளிர் இல்லை. இதற்குத்தான் மூன்று நட்சத்திரமும்.

குறைகள்? மூடியைத் திறக்கவே தனி பலம் வேண்டும். அளவு கோப்பை கிடையாது. எழுத்து எறும்பு சைஸ். எனக்குத் தேவைப்பட்டது சில ஸ்பூன்தான். மீதியைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது, கவுன்சில் (உள்ளாட்சி) சொல்லும் அபாயக் கழிவு மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பக்கத்துத் தெரு நண்பர் ஸ்பிரே அடித்துப் பார்த்தார். ஐவி இலையில் மெழுகுப் பூச்சு. மருந்து வழிந்து கீழே போனது, ஏப்ரலில் புது இலை வந்தது. பழைய ஆட்கள் அமோனியம் சல்ஃபமேட்டைப் புகழ்வார்கள். 2008-க்குப் பிறகு அதைக் களைக்கொல்லியாகப் பயன்படுத்த அனுமதி இல்லை.

சுவரில் ஏறியதை மட்டும் பச்சையாக இழுக்காதீர்கள், பழைய செங்கல் என்றால் காரையும் பெயர்ந்து வரும். அடியை வெட்டிவிட்டு, காய்ந்த பிறகு உரியுங்கள். ஒட்டுவேரின் தடம் எங்கள் கராஜில் இன்னும் இருக்கிறது. அதற்கு முரட்டு பிரஷ்தான், மருந்து உதவாது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் கட்டாயம், ஐவிச் சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

‘நிரந்தரமாக’ என்று பாட்டிலில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மாவின் ஐவி செழிப்பாக இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அது பூக்கும்போது தேனீக்கள் வருவது அவருக்குப் பிடிக்கும், சரி. எட்டிப் பார்ப்பதை நறுக்கிக்கொள்கிறேன். அவர் கொடியின் தண்டில் நான் மருந்து வைத்தால் செடியே செத்துப்போகும், அது நியாயமில்லை. தோண்ட இடமிருக்கிறவர்கள் இந்தப் பாட்டிலை வாங்கவே வேண்டாம்.